கடை நகருமா, நாம் நகர்வோமா?

சமையலுக்கு நடுவே உப்பு தீர்ந்துவிட்டால் தெருமுனைக் கடைக்கு ஓடுகிறோம்; ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறோம். அக்காவின் திருமணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க வேண்டுமென்றால் குடும்பமே பேருந்து ஏறிப் பெரிய நகரத்துக்குப் போகிறது; ஒரு பகல் முழுவதும் அதிலேயே கழிகிறது. உப்பு விற்கும் கடை எல்லாத் தெருவிலும் இருக்கிறது. பட்டு விற்கும் கடை மட்டும் ஏன் எல்லாத் தெருவிலும் இல்லை? இதை நீங்கள் எப்போதாவது யோசித்தது உண்டா?

பொருளும் அதை வாங்குபவரும் சந்திக்க வேண்டுமானால், இரண்டில் ஒன்று இடம் விட்டு நகர்ந்தாக வேண்டும். நகர்வதற்கு நேரம் செலவாகும், பணம் செலவாகும், உடல் உழைப்பும் செலவாகும். இந்தச் செலவை ஏற்பது யார்? கடைக்காரரா, வாங்குபவரா? பெட்டிக்கடை, வாரச் சந்தை, மொத்தச் சந்தை, சூப்பர் மார்க்கெட் ஆகியவை எல்லாம் இந்த ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு விடைகளே ஆகும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

இரண்டு அளவுகள்

ஒரு கடை நிலைத்து நிற்க இரண்டு அளவுகள் பொருந்தி வர வேண்டும்.

முதல் அளவு, அந்தக் கடைக்கு வேண்டிய குறைந்தபட்ச வாடிக்கை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மளிகைக் கடைக்காரருக்கு வாடகை, மின்கட்டணம், வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 600 ரூபாய் இலாபம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் நாள்தோறும் 60 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறது. அதில் அவருக்குக் கிடைப்பது 6 ரூபாய். அப்படியானால் 100 குடும்பங்கள் அவரிடம் வாங்கியாக வேண்டும். அதற்குக் குறைந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

இரண்டாம் அளவு, எட்டும் தூரம். ஒரு பொருளுக்காக நாம் எவ்வளவு தொலைவு போகத் தயாராக இருக்கிறோம் என்பதே அது. உப்புக்காக 10 கிலோமீட்டர் போக மாட்டோம். உப்பின் விலையைவிடப் பேருந்துக் கட்டணம் மிகுதியாகிவிடும். பட்டுப்புடவைக்காக 100 கிலோமீட்டரும் போவோம். அடிக்கடி வாங்கும் மலிவான பொருளுக்கு எட்டும் தூரம் குறைவு. எப்போதோ வாங்கும் விலை உயர்ந்த பொருளுக்கு அது அதிகம்.

எட்டும் தூரத்துக்குள் குறைந்தபட்ச வாடிக்கை கிடைத்தால் கடை நிலைக்கும், கிடைக்காவிட்டால் நிலைக்காது. ஒரு தெருவிலேயே உப்புக்கு 100 குடும்பங்கள் கிடைத்துவிடுகின்றன. பட்டுக்கு ஒரு மாவட்டமே வேண்டியிருக்கிறது.

தேனடை போன்ற வரைபடம்

இந்த எண்ணத்தை முறையாக ஆராய்ந்தவர் வால்டர் கிறிஸ்டாலர் என்னும் ஜெர்மானியப் புவியியல் அறிஞர். தெற்கு ஜெர்மனியில் ஊர்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று ஆராய்ந்து, 1933இல் ஒரு நூல் வெளியிட்டார்.

மலையோ ஆறோ இல்லாத சமவெளி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு கடையையும் சுற்றி, அதன் எட்டும் தூரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் நின்றால் இடையில் வெற்றிடம் விழும். அங்கே வாழ்பவர்களுக்குக் கடை இல்லை. வெற்றிடம் இல்லாமல் நெருக்கினால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அந்தப் பொது இடத்தில் வாழ்பவர்கள் அருகிலுள்ள கடைக்கே போவார்கள் அல்லவா? ஆகவே பொது இடத்தை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்துவிடலாம். எல்லாப் பக்கமும் இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு வட்டமும் அறுகோணமாகிவிடும். தேனீக்களின் அடையில் காண்பது இதே அமைப்புத்தான்.

மளிகைக் கடைகளுக்குச் சிறு அறுகோணங்கள். பல சிறு அறுகோணங்களை உள்ளடக்கிய பெரிய அறுகோணத்தின் நடுவில் துணிக்கடையும் மருந்துக்கடையும் உள்ள சிற்றூர். அதையும் விடப் பெரிய அறுகோணத்தின் நடுவில் பெருநகரம். இதுவே கிறிஸ்டாலர் கண்ட ஒழுங்கு. உண்மையான நாட்டில் ஆறும் மலையும் சாலையும் இந்த அறுகோணங்களை நெளித்துவிடும். ஆயினும் சிற்றூர்கள் பல, நகரங்கள் சில, பெருநகரம் ஒன்றிரண்டு என்ற படிவரிசை எங்கும் புலப்படுகிறது.

தெருமுனைக் கடை

இனி நமக்கு மிகவும் பழக்கமான தெருமுனைக் கடையைப் பார்ப்போம். இதன் முதல் சேவை, அருகில் இருப்பது. இரண்டாவது, சிறிய அளவில் தருவது. 50 கிராம் துவரம்பருப்பு, இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரே ஒரு முட்டை என்று கேட்டாலும் கிடைக்கும். அன்றாடம் கூலி வாங்கும் குடும்பம் அன்றாடம்தான் சாமான் வாங்க முடியும். மாதத்துக்கு மொத்தமாக வாங்கினால் மலிவு என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் மொத்தமாகக் கொடுக்கப் பணம் வேண்டுமே!

மூன்றாவது சேவை, கடன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் கணக்கு நோட்டைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரருக்குத் தன் வாடிக்கையாளரின் முகமும் தெரியும், சம்பள நாளும் தெரியும். எந்த ஈடும் கேட்காமல், எந்தப் படிவமும் நிரப்பாமல் அவர் கடன் தருகிறார். கிராம் கணக்கில் பார்த்தால் அவரிடம் விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அருகில் இருப்பதற்கும், சிறிது சிறிதாகக் கொடுப்பதற்கும், கடனுக்கும் சேர்த்துக் கொடுக்கும் கட்டணம் என்று அதைக் கருதலாம்.

சிறிய அளவில் விற்பது எவ்வளவு பெரிய வாணிபம் என்பதற்குக் கடலூரே சான்று. சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்புவைச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் அடைத்து விற்றார். புட்டியாக வாங்க முடியாதவர்களும் அதன்பின் ஷாம்பு வாங்கினார்கள். இன்று பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் உறைகளுக்கு அவர் ஒரு முன்னோடி. ஆனால் காலியான உறைகள் சாக்கடையை அடைத்துக்கொள்வதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

நடக்கும் கடைகள்

ஓர் ஊரில் 125 குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு பாத்திர வியாபாரி அங்கே கடை வைக்கலாமா? ஒரு குடும்பம் ஆண்டுக்கு 1200 ரூபாய்க்குப் பாத்திரம் வாங்குகிறது என்றும், அதில் அவருக்கு இலாபம் 240 ரூபாய் என்றும் கொள்வோம். 125 குடும்பங்களிலிருந்து ஆண்டுக்கு 30,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டில் 300 நாள் கடை திறந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய். அவருக்கு வேண்டியதோ 600 ரூபாய். கடை நிலைக்காது.

சரி, ஊர் மக்கள் பாத்திரத்துக்காக நகரத்துக்குப் போகட்டும் என்று விட்டுவிடலாமா? வேறு ஒரு வழி இருக்கிறது. அவர் திங்களன்று ஓர் ஊர், செவ்வாயன்று அடுத்த ஊர் என்று வாரத்தில் ஆறு ஊர்களுக்குப் போகிறார். ஏழாம் நாள் சரக்கு எடுக்கிறார். இப்போது ஒவ்வோர் ஊரிலும் அவர் கடை போடுவது ஆண்டுக்கு 50 நாள் மட்டுமே. அந்த ஊரின் 30,000 ரூபாய் அந்த 50 நாளில் சேர்கிறது. நாளொன்றுக்கு 600 ரூபாய்! ஓர் ஊரால் தாங்க முடியாத கடையை ஆறு ஊர்கள் பங்கிட்டுத் தாங்குகின்றன.

இதுதான் வாரச் சந்தையின் இரகசியம். எட்டும் தூரத்துக்குள் போதிய வாடிக்கை கிடைக்காதபோது, வியாபாரி ஊர் ஊராகச் சென்றால் பிழைக்கலாம். 1962இல் ஜேம்ஸ் ஸ்டைன் என்னும் அறிஞர் கொரிய நாட்டுச் சந்தைகளை ஆராய்ந்து இந்த விளக்கத்தைத் தந்தார். நம் முன்னோர் இதை நடைமுறையில் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். நாமக்கல் அருகே புதன்சந்தை என்றே ஓர் ஊர் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் வெள்ளிச்சந்தை இருக்கிறது. கிழமையின் பெயரே ஊரின் பெயராகிவிட்டது.

பக்கத்து ஊர்களின் சந்தைகள் பெரும்பாலும் வெவ்வேறு கிழமைகளில் கூடுவதை நீங்கள் கவனித்திருக்கலாம். ஒரே நாளில் கூடினால் வியாபாரிகள் ஓரிடத்தில்தான் கடை விரிக்க முடியும். இரண்டு ஊர்களும் நட்டப்படும்.

சந்தை வாங்குவதற்கு மட்டும் அன்று. விற்பதற்கும் அதுவே இடம். கோழி வளர்ப்பவர் கோழியை விற்று, அந்தப் பணத்திலேயே எண்ணெயும் துணியும் வாங்கித் திரும்புவார். மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, பல மாடுகளை ஒப்பிட்ட பிறகே விலை பேசுவார். பொள்ளாச்சி, மணப்பாறை போன்ற ஊர்களின் மாட்டுச் சந்தைகள் புகழ் பெற்றிருப்பதற்கு அங்கே ஒரே இடத்தில் ஏராளமான மாடுகள் சேர்வதே காரணம்.

ஒரே பொருள், ஒரே தெரு

ஒப்பிட்டு வாங்க வேண்டிய பொருள் என்றால் கடைகள் கூட்டமாகச் சேர்கின்றன. சென்னையில் மின்னணுச் சாதனங்களுக்கு ரிச்சி தெரு, மொத்தத் துணிக்கு கோடவுன் தெரு, துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு. போட்டிக் கடைக்கு அருகிலேயே கடை வைத்தால் வியாபாரம் கெடாதா?

கெடாது, பெருகும். தனியாக ஒரு துணிக்கடை இருந்தால், "அங்கே பிடித்த நிறம் இல்லாவிட்டால் போன நேரம் வீண்" என்று மக்கள் தயங்குவார்கள். ஐம்பது கடைகள் இருந்தால் எங்காவது ஒன்றில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையோடு வருவார்கள். எட்டும் தூரம் நீள்கிறது. விலையையும் நாலு கடையில் கேட்டுப் பார்க்கலாம். ஆகவே ஒரு கடைக்காரர் நினைத்தபடி விலை சொல்லவும் முடியாது.

பெரிய ஊருக்கு இவ்வாறு கூடும் கவர்ச்சியை நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போலவே கணக்கிடலாம் என்று 1931இல் வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர் கூறினார். ஊரின் மக்கள்தொகை கூடக் கூட ஈர்ப்பு கூடும். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 4 இலட்சம் பேர் வாழும் நகரமும் 1 இலட்சம் பேர் வாழும் நகரமும் 30 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன என்று கொள்ளுங்கள். எந்த இடத்தில் இரண்டின் ஈர்ப்பும் சமமாகும்? சிறிய நகரத்திலிருந்து 10 கிலோமீட்டரில். 4-ஐ 20-இன் வர்க்கத்தாலும், 1-ஐ 10-இன் வர்க்கத்தாலும் வகுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே விடையைத் தரும். இது இயற்பியல் விதியைப் போலத் துல்லியமானது அன்று. ஆனால் தோராயமாகக் கணிக்க உதவும்.

விடியுமுன் கூடும் சந்தை

தெருமுனைக் கடைக்கும் தள்ளுவண்டிக்கும் காய்கறி எங்கிருந்து வருகிறது? நூறு சிற்றூர்களின் விளைச்சலை ஆயிரம் கடைகள் தனித்தனியே போய் வாங்க வேண்டுமானால் எத்தனை பயணங்கள் தேவைப்படும்! நடுவில் ஒரே இடம் இருந்தால் எல்லாரும் அங்கே ஒருமுறை வந்து போனால் போதும். மொத்தச் சந்தையின் பயன் இதுவே. சென்னையில் கொத்தவால் சாவடியில் நெருக்கடியாக நடந்துவந்த காய்கறி வாணிபம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. இரவெல்லாம் சரக்குந்துகள் வந்து இறங்க, நகரம் கண் விழிக்கும் முன்னரே காய்கள் கடைகளுக்குப் பிரிந்து போகின்றன.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதில் ஆபத்தும் உண்டு. 2020 மே மாதம் கொரோனா தொற்று பரவியதால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைத்து, செப்டம்பர் இறுதிவரை சமாளிக்க வேண்டியிருந்தது.

விளைவிப்பவருக்கும் உண்பவருக்கும் இடையில் தரகர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று பலர் இருக்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்கிறார். அதற்கு ஒரு கூலி எடுக்கிறார். அந்த இடைவெளியைக் குறைக்கவே 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. உழவரே கொண்டுவந்து விற்கிறார். மொத்த விலையைவிடச் சற்று அதிகமாகவும், வெளிச்சந்தைச் சில்லறை விலையைவிடச் சற்றுக் குறைவாகவும் விலை வைக்கப்படுவதால் இரு தரப்பினருக்கும் ஆதாயம். ஆனால் காயைச் சுமந்து வருவதும், காலையெல்லாம் உட்கார்ந்து விற்பதும் இப்போது உழவரின் பொறுப்பாகின்றன.

வாங்குபவர் கையில் கூடை

முன்பெல்லாம் எந்த மளிகைக் கடையிலும் பொருள்கள் கடைக்காரருக்குப் பின்னால்தான் இருக்கும். நாம் கேட்க, அவர் எடுத்து நிறுத்துக் கொடுப்பார். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து இதைத் தலைகீழாக மாற்றினார். வாடிக்கையாளரே அலமாரிகளுக்கு இடையே நடந்து, வேண்டியதைக் கூடையில் எடுத்து, வாயிலில் பணம் செலுத்த வேண்டும். ஆள் கூலி குறைந்தது, விலையும் குறைந்தது. கடைப்பணியாளர் செய்த வேலையை இப்போது வாங்குபவரே செய்தார் என்பதைக் கவனியுங்கள்.

கூடை நிறைந்து கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். 1937இல் சில்வன் கோல்டுமன் என்ற கடை உரிமையாளர் சக்கரம் வைத்த வண்டியைக் கொண்டுவந்தார். முதலில் அதைத் தள்ள எல்லாரும் கூச்சப்பட்டார்கள். சிலருக்குச் சம்பளம் கொடுத்துத் தள்ள வைத்த பிறகே பழக்கமாயிற்று. 1974 ஜூன் 26 அன்று ஒகாயோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பட்டைக் குறியீட்டை முதன்முதலாக ஒளிக்கருவி படித்தது. அன்று முதல் எது எத்தனை விற்றது என்ற கணக்கு கடைக்கு நொடியில் தெரிகிறது.

வேண்டியதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், விலையை ஒப்பிடலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். இவை நன்மைகள். ஆனால் பால் போன்ற அன்றாடப் பொருள் பல கடைகளில் கடைசி மூலையில் இருக்கும். அங்கே போய்த் திரும்புவதற்குள் பட்டியலில் இல்லாத நாலு பொருள் வண்டியில் ஏறிவிடும்.

கூரைக்குள் ஒரு கடைவீதி

1956இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் அருகே 'சவுத்டேல்' என்ற வணிக வளாகம் திறக்கப்பட்டது. வியன்னாவில் பிறந்த விக்டர் குருயன் என்ற கட்டடக் கலைஞர் அதை வடிவமைத்தார். அந்த ஊரில் குளிர்காலம் கடுமையானது. ஆகவே கடைவீதி முழுவதையும் கூரைக்குள் கொண்டுவந்து, ஆண்டு முழுவதும் இதமான வெப்பநிலை நிலவச் செய்தார். இத்தகைய வளாகங்களில் பெயர் பெற்ற பெரிய கடைகளை எதிரெதிர் முனைகளில் வைப்பது வழக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடப்பவர்கள் நடுவிலுள்ள சிறு கடைகளைக் கடந்தே போக வேண்டும்.

இந்த ஏற்பாடு கார் உள்ளவர்களை நம்பியே அமைந்தது. வாங்கும் கூட்டம் வளாகங்களுக்குப் போனதால் பல அமெரிக்க நகரங்களின் பழைய கடைவீதிகள் வெறிச்சோடின. அருகில் இருந்த கடை மூடப்பட்டதும், வண்டி இல்லாதவர்களும் முதியவர்களும் நல்ல காய்கறிக்கே திண்டாடினார்கள். இத்தகைய பகுதிகளை 'உணவுப் பாலைவனம்' என்று அழைக்கும் வழக்கம் 1990களில் பிரிட்டனில் தோன்றியது. பெரிய கடையில் கிலோவுக்கு 5 ரூபாய் மலிவு என்றால், அங்கே போய்வரும் செலவு விலைச்சீட்டில் வராது. வாங்குபவரின் கணக்கில்தான் விழும்.

கணக்குக்கு அப்பால்

இலாபக் கணக்கை மட்டும் பார்த்தால் மலைக்கிராமத்துக்கும் சிறு குக்கிராமத்துக்கும் கடையே கிடைக்காது. நியாய விலைக் கடை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அட்டைதாரர் அங்கே உரிமையோடு பொருள் பெறுகிறார். அவரால் கடைக்கு இலாபம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. ஆயினும் அதற்கும் இரண்டு அளவுகள் உண்டு. அட்டைகள் குறைவாக உள்ள ஊர்களில் வாரத்தில் சில நாள் மட்டும் திறக்கும் பகுதி நேரக் கடைகளைத் தமிழ்நாட்டில் காணலாம். வாரச் சந்தைக் கணக்கேதான்! 2025இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியோர், மாற்றுத் திறனாளிகள் வீட்டுக்கே வண்டியில் பொருள் கொண்டு செல்லப்பட்டது. எட்டும் தூரம் ஏறக்குறைய சுழியாகிவிட்டவருக்குக் கடைதான் நகர வேண்டும்.

கைபேசியில் சொன்னால் வீட்டுக்கு வரும் சரக்கும் கடை நகர்வதே. ஆனால் சில நிமிடங்களில் கொண்டுவந்து தரும் நிறுவனங்கள் நெருக்கமான நகரப் பகுதிகளில்தான் கிடங்கு வைக்கின்றன. குறைந்தபட்ச வாடிக்கை என்ற அளவு அவர்களையும் விடவில்லை. செலவும் மறைந்துவிடவில்லை, வெயிலிலும் மழையிலும் வண்டி ஓட்டும் இளைஞரின் உழைப்பாக அது மாறியிருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் கடந்த மாதம் வாங்கிய 20 பொருள்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்களை எழுதுங்கள்: எவ்வளவு நாளுக்கு ஒருமுறை வாங்குகிறீர்கள், எந்த வகைக் கடையில் வாங்கினீர்கள், அது எவ்வளவு தொலைவு. வரைபடத் தாளில் உங்கள் வீட்டை நடுவில் குறித்து, கடைகளைப் புள்ளிகளாகக் குறியுங்கள். அடிக்கடி வாங்குபவை அருகில் சேர்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு அதே பட்டியலை உங்கள் தெருவில் தனியாக வாழும் ஒரு முதியவரிடம் காட்டி, அவர் எங்கே, எப்படி வாங்குகிறார் என்று கேளுங்கள். இரண்டாவது வரைபடம் போடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, உங்கள் தெருவுக்கு எந்தக் கடை இன்னும் தேவை என்று வகுப்பில் கலந்து பேசுங்கள்.